ஒரு அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று, மற்றதை விட்டுவிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. இரண்டு வாரத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. ஆஞ்சியோகிராமில் மூன்று அடைப்புகள். இதயத்தின் வலது ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்ததால் அதற்கு உடனே ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்கள். எல்.ஏ.டி. என்ற குழாயில் 80 சதவீதம், இன்னொன்றில் 50 சதவீதம் அடைப்பு இருக்கிறது, அதைப் பார்க்க ஒரு மாதத்துக்குள் மறுபடி வாருங்கள் என்கிறார்கள். "வலியே இல்லை, எனக்கு எதுக்கு?" என்கிறார் அப்பா. "அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்திருக்கலாம், பணம் பிடுங்கத்தான் இழுக்கிறார்கள்" என்கிறார் மாமா. என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மாமாவின் சந்தேகத்தை முதலில் பார்த்துவிடலாம். மாரடைப்பு வந்த அந்த நேரத்தில் உயிருக்கு உலை வைப்பது திடீரென்று மூடிக்கொண்ட அந்த ஒரு குழாய்தான். அதைத் திறப்பதுதான் அவசரம். மற்ற அடைப்புகளையும் அப்போதே தொட்டால் நேரம் கூடும், உள்ளே செலுத்தும் சாயமும் கூடும். அது சிறுநீரகத்துக்குச் சுமை. ரத்த அழுத்தம் விழுந்து ஷாக்கில் வருகிறவர்களிடம் இது ஆபத்தாகவே முடிகிறது. 2017இல் வெளியான 'கல்ப்ரிட் ஷாக்' ஆய்வில், எல்லா அடைப்புக்கும் அப்போதே ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் 100க்கு சுமார் 52 பேர். ஒன்றுக்கு மட்டும் வைத்தவர்களில் 43 பேர். நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஒரே தடவையில் முடிக்கும் மருத்துவர்களும் உண்டு, அதுவும் தவறில்லை. ஆனால் இரண்டு தடவையாகச் செய்வதைப் பணம் பிடுங்கும் வேலை என்று சொல்லிவிட முடியாது.

அப்பா கேட்பதுதான் முக்கியமான கேள்வி. வலி இல்லை என்பதை மட்டும் வைத்து 80 சதவீத அடைப்பை விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. காரணம், 2019இல் வெளியான 'கம்ப்ளீட்' என்ற பெரிய ஆய்வு. அப்பாவைப் போலவே மாரடைப்புக்குக் காரணமான குழாயைத் திறந்த பிறகு வேறு அடைப்பும் இருந்த 4,041 பேர் அதில் இருந்தார்கள். மீதி அடைப்புக்கு மருந்து மட்டும் எடுத்தவர்களில், சுமார் மூன்று ஆண்டுகளில் 10.5 சதவீதம் பேருக்கு மறுபடி மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தது. எல்லாவற்றையும் சரிசெய்தவர்களில் அது 7.8 சதவீதம். இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: இப்படிக் குறைந்தது பெரும்பாலும் மறு மாரடைப்புதான், மரணத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவசரத்துக்கும் இதே ஆய்வில் பதில் இருக்கிறது. மருத்துவமனையில் இருக்கும்போதே செய்தாலும், வீடு திரும்பி 45 நாளுக்குள் செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஒரு மாதம் என்பது நியாயமான கெடு.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் 80 சதவீதம், அவர் மாத்திரையிலேயே நன்றாக இருக்கிறாரே என்று யாராவது சொல்வார்கள். அவருக்கு மாரடைப்பே வராமல், செக்கப்பில் தெரிந்த அடைப்பாக இருக்கலாம். அது வேறு கதை. அப்படிப்பட்டவர்களை வைத்து 2020இல் வந்த 'இஸ்கீமியா' ஆய்வில், முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததால் ஆயுள் கூடவில்லை.

சரி, அந்த 50 சதவீதம்? ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் இருக்கும் சதவீதம் பெரும்பாலும் படத்தைப் பார்த்துக் கண்ணால் போடும் மதிப்பு. ஆஞ்சியோ படம் பதிந்த ஒரே சி.டி.யை (குறுந்தகட்டை)ப் பார்த்து ஒருவர் 50 என்பார், இன்னொருவர் 65 என்பார். சந்தேகமான இடத்தில் எஃப்.எஃப்.ஆர். பரிசோதனை உதவும். முடி போன்ற மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளப்பார்கள். பின்னால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ள அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.80க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட் தேவையில்லை, மாத்திரை போதும். அளக்காமலேயே 50 சதவீதத்துக்கும் ஸ்டென்ட் என்றால், ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள்.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பைபாஸ் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரையோடு பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்களுக்கு, நீண்ட காலத்தில் பைபாஸே மேல் என்று 2012இல் 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியது. அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் இருப்பதால் முடிவு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இதய அறுவை மருத்துவர் ஒருவர் அந்த சி.டி.யைப் பார்ப்பது நல்லது.

போவதற்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் முதல் சிகிச்சை நடந்திருந்தால், இரண்டாவதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்று கவுன்டரில் இப்போதே விசாரியுங்கள். அப்புறம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளான ஆஸ்பிரினும் அதோடு கொடுத்த குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலாரும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். புது ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். கொழுப்பு மாத்திரையும் அப்படித்தான், ரிசல்ட் நார்மல் என்று நிறுத்தக் கூடாது.

குறித்த தேதிக்கு முன்பே நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.