மலபார் என்று தேடிப் பாரும்

வணக்கம் சேர்,

நான் புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். 'றொபின்சன் குரூசோ' பற்றி ஒரு அசைன்மென்ற் எழுத வேண்டும். எங்கள் லைப்ரரியில் அந்த நாவலைப் பற்றி இரண்டு விமர்சன நூல்கள்தான் உண்டு, இரண்டையும் வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்கள். இணையத்தில் தேடினால் ஒன்றில் காசு கேட்கிறது, இல்லாவிட்டால் பரீட்சை நோட்ஸ் வருகிறது. எந்தத் தளத்தில் தேடலாம்? மேற்கோள்களை எந்த முறையில் கொடுப்பது? இறுதியாண்டு ஆய்வுக்கு அதிகம் பேர் தொடாத தலைப்பு ஏதும் சொல்வீர்களா? வன்னியில் பிறந்துவிட்டு ஆங்கில இலக்கியம் படிப்பதே பொருத்தமில்லாத வேலையோ என்று சில நேரம் தோன்றுகிறது.

ஒரு மாணவி

அன்புள்ள பிள்ளைக்கு,

மேற்கோள் முறையை உம்முடைய துறையில் கேளும். அவர்கள் சொல்வதுதான் சட்டம். நோட்ஸ் தளங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவற்றை வாசித்து எழுதினால் பாஸ் பண்ணலாம், அவ்வளவுதான்.

கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். உம்மில் பாதி, என்னில் பாதி. அதே வரியை நானும் ஒரு காலத்தில் மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தவன். "உங்கட வன்னிக்கும் இங்கிலீஷ் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று எனக்குப் படிப்பித்த ஒருவர் வகுப்பில் சிரித்தபடி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் வெட்கம்.

அந்தக் கோபத்தோடு லைப்ரரிக்குப் போய், கட்டலொக் லாச்சிகளை இழுத்து இழுத்துத் தேடினேன். அப்போது எல்லாம் அட்டைகள். 'வன்னி' என்று பார்த்தேன், இல்லை. 'தமிழர்' என்று பார்த்தேன். இருந்ததெல்லாம் புதுப் புத்தகங்கள், எனக்கு வேண்டிய பழசு ஒன்றும் இல்லை. புத்தகம் அடுக்குகிற ஒரு ஐயா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கிட்ட வந்து, "தம்பி, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் எங்களைத் தமிழர் எண்டு எழுதேல்லை. மலபார் எண்டு தேடிப் பாரும்" என்றார். பிறகு தானே போய் ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி இலங்கையைப் பற்றி எழுதியது, 1681இல் லண்டனில் முதலில் அச்சானது.

இந்த நொக்ஸ் 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி அரசனின் நாட்டில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கைதியாக இருந்தவர். 1679இல் ஒரு கூட்டாளியோடு தப்பி, அநுராதபுரத்துக்கு வந்து, ஆற்றங்கரையோரமாகக் காட்டுக்குள்ளால் நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார்க் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அந்த ஆறு சிங்களத்தில் மல்வத்து ஓயா. நாங்கள் அருவி ஆறு என்கிறோம். செட்டிகுளம் பக்கம் போய் ஆரையும் கேளும், காட்டுவார்கள். 2009இல் போரால் இடம்பெயர்ந்து அங்கே முகாமில் இருந்த எங்கள் சனத்துக்கும் அந்த ஆறு நன்றாகத் தெரியும்.

டானியல் டெஃபோ குரூசோவை வெளியிட்டது 1719இல். கப்பல் உடைந்து தீவில் தனியே வாழ்ந்த அந்தக் குரூசோவுக்கு முன்மாதிரி என்று நோட்ஸ்களில் அலெக்ஸாண்டர் செல்கேர்க் என்ற மாலுமியின் பெயர் மட்டும் வரும். தீவில் தனியே நாலு வருடம் சொச்சம் இருந்தவர். சரி, அவரும்தான். ஆனால் அடுத்த வருடம், 1720இல், டெஃபோ எழுதிய 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதை பெயரோடேயே சுருக்கிச் சொல்லப்பட்டிருக்கிறது. டெஃபோ அந்தப் புத்தகத்தை அறிந்திருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். குரூசோவில் அதன் சாயல் எவ்வளவு என்பதுதான் வாதம். அந்த வாதம் உம்முடைய அசைன்மென்ற்.

இனி நான் சொல்ல வந்தது. நொக்ஸ் தமிழர் நாட்டைப் பற்றியும் எழுதுகிறார். அதன் தலைவனுக்கு அவர் கொடுக்கும் பெயர் 'கொயிலட் வன்னியா'. வாய்விட்டு வாசித்துப் பாரும். கயிலை வன்னியன்! கண்டி அரசனுக்கும் அடங்காதவன், ஒல்லாந்தர் சண்டை பிடித்தும் இன்னும் அடக்க முடியாதவன் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. மணி அடித்து வெளியே அனுப்பினார்கள்.

பிள்ளை, நீர் தேடற்பெட்டியில் என்ன சொல்லை அடித்தீர் என்று கடிதத்தில் ஒரு இடத்திலும் எழுதவில்லை. நாவலின் பெயரையும் 'விமர்சனம்' என்பதையும் அடித்திருப்பீர். நோட்ஸ் வராமல் வேறு என்ன வரும்? கட்டலொக்குக்கு உம்மைத் தெரியாது. நீர் கொடுக்கிற சொல்லை மட்டும்தான் அதற்குத் தெரியும். பழைய புத்தகத்தைத் தேடினால் அந்தக் காலத்துச் சொல்லைக் கொடுக்க வேண்டும். 'சிறீலங்கா' என்பது 1972க்குப் பிறகு வந்த பெயர், அதற்கு முன் 'சிலோன்', இன்னும் முன்னால் நொக்ஸின் எழுத்தில் அதற்கே வேறு எழுத்துக்கூட்டலும் உண்டு. 'வன்னி'யை ஆங்கிலத்தில் வீ போட்டுத் தேடினால் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூல் வரும், நொக்ஸ் வரமாட்டார். அவருடையது டபிள்யூவில் தொடங்குவது. கடைசி எழுத்து வை ஆகவும் இருக்கலாம், ஐ ஆகவும் இருக்கலாம், ஈயும் ஏயும் சேர்ந்தும் இருக்கலாம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டல்களை எழுதி வைத்துக்கொண்டு தேடும். ஒவ்வொன்றாக. அலுப்பான வேலைதான், அலுக்கட்டும்.

இன்னொன்று. லைப்ரரியில் புத்தகம் அடுக்குகிற டூயி இலக்கப்படி, நொக்ஸ் உம்முடைய 823 இறாக்கையில், ஆங்கில நாவல்களோடு, நிற்க மாட்டார். 954.93இல், இலங்கை வரலாற்றோடு நிற்பார். ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை, வரலாறு படிக்கிறவர்கள் டெஃபோவைத் தொடுவதில்லை. இரண்டு இறாக்கைக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்குமா? அங்கே இல்லாவிட்டால் புறொஜெக்ட் குட்டன்பேர்க் என்ற இணையத்தளத்தில் நொக்ஸ் முழுதாக, காசில்லாமல் கிடக்கிறார். வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கினால் டேட்டாவும் பெரிதாகப் போகாது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் தளம் 2005இலிருந்து இருக்கிறது. உம்முடைய முதல் கேள்விக்கு இதுதான் பதில் என்று வைத்துக்கொள்ளும்.

லைப்ரரியன் மிஸ்ஸிடம் கேட்டீரா? கேட்டிருக்க மாட்டீர். அந்த இரண்டு புத்தகங்களும் எப்போது திரும்பி வரும் என்று கேட்கவே பயம், என்ன?

வசதி இல்லை என்று எழுதியதை நான் மறுக்கவில்லை. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் குரூசோ படிப்பித்தவன் நான். கிடுகுக் கொட்டில், மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். என்னிடம் இருந்த பிரதிக்கு முதல் பதினெட்டுப் பக்கம் இல்லை, அந்தக் கதையை வாயால் சொல்லித்தான் தொடங்குவேன். நொக்ஸைப் பார்த்து எழுதிய கொப்பிகளை ஒரு றங்குப் பெட்டியில் போட்டு வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து கிண்டினால் பெட்டி இருந்தது, உள்ளே கறையான் புற்று. ஆனபடியால், 'அந்தக் காலத்தில் நாங்கள் படிக்கவில்லையா' என்று உமக்குச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற கிழவர்களை எனக்கும் பிடிக்காது.

நொக்ஸிடமும் கனகாலம் இரண்டே இரண்டு சமயப் புத்தகங்கள்தான் இருந்தன. திரும்பத் திரும்ப வாசித்து ஏறக்குறையப் பாடமாகிவிட்டதாம். பிறகு ஒரு கிழவனிடம் ஆங்கில வேதாகமம் ஒன்று இருக்கக் கண்டு, பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கினார். தொப்பி பின்னி விற்றுத்தான் சீவித்தவர். குரூசோ உடைந்த கப்பலிலிருந்து வேதாகமம் எடுத்து வருகிற இடத்தை இதோடு சேர்த்து வாசியும்.

தலைப்புக் கேட்டிருந்தீர், மறந்தே போனேன். லெனாட் வூல்ஃப், வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர், 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் அதிகாரியாக நின்றவர். அதை வைத்து ஒரு சிறுகதை எழுதினார், 1921இல் தொகுப்பில் வந்தது. 1961இல் வந்த தன் வரலாற்றிலும் அதே நாட்களைச் சொல்கிறார். கதையையும் நினைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாரும். மரிச்சுக்கட்டிக்கும் ஒருமுறை போய் வாரும்.

நொக்ஸின் அச்சுப் பிரதி ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. இரவல் தரமாட்டேன், பட்டது போதும். சனிக்கிழமைகளில் வீட்டில்தான் நிற்பேன். வந்து இருந்து வாசியும். கொப்பி கொண்டு வாரும். மத்தியானச் சாப்பாடு இங்கே.