கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டு, விபத்தில் பயந்துபோன பிள்ளைக்கு ஆன்லைனில் தெரபி எடுத்தால் பலன் உண்டா?

கேள்வியில் இருப்பது இதுதான்: காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் வளவு வீடு (நடுவில் முற்றமும் சுற்றி அறைகளும் உள்ள செட்டிநாட்டு வீடு), எட்டுப் பேர். கணவர் சிங்கப்பூரில். நாலு மாதம் முன்பு சித்தப்பாவோடு பைக்கில் போனபோது நடந்த விபத்தில் 9 வயது மகன் தப்பித்தான். காயம் ஆறிவிட்டது. ஆனால் இரவில் அலறி எழுகிறான், பைக் பக்கமே போவதில்லை. அதை வைத்து வீட்டில் தினமும் சண்டை. "ஆன்லைன் தெரபி உதவுமா, காசு பிடுங்கும் வேலையா?"

உதவும். ஆளும் அறையும் சரியாக அமைந்தால் நன்றாகவே உதவும். பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் இடறியிருக்கும். நான் எந்த ஆப்புக்கும் விளம்பரம் செய்யவில்லை, ஒன்றின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

முதலில் ஆள். "கவுன்சலர்" என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள், ரெண்டு நாள் வகுப்புச் சான்றிதழோடு பிள்ளைகளின் பயத்தில் கை வைக்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (பேச்சால் சிகிச்சை தரும் உளவியல் நிபுணர்) என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்காமல் கொடுப்பவரிடம் போங்கள். மருந்து எழுத மனநல மருத்துவர் போன்ற மருத்துவரால் மட்டுமே முடியும். அடுத்து இரண்டு கேள்வி: "பிள்ளைகளின் விபத்து அதிர்ச்சிக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள்? பெற்றோருக்கு அதில் என்ன வேலை?" உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), ஈ.எம்.டி.ஆர். (கண் அசைவைக் கொண்டு அதிர்ச்சி நினைவைத் தணிக்கும் சிகிச்சை) என்ற இரண்டையும் பரிந்துரைக்கிறது. பதிலில் இவற்றில் ஒன்று வரவேண்டும். "பையனை மட்டும் என்னிடம் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்தது அறை. நம் வளவு வீடுகளில் சுவர் கனமானதுதான். ஆனால் அறைக் கதவெல்லாம் வளவைப் பார்த்தே திறக்கும், கல்லும் ஓடும் பதித்த தரையில் பேச்சு எதிரொலித்து அடுத்த தாழ்வாரத்துக்குப் போய்விடும். அப்பத்தா காதில் விழுமோ என்ற நினைப்பு வந்துவிட்டால் நீங்கள் உள்ளதைச் சொல்லமாட்டீர்கள். மாடியறையோ இரண்டாங்கட்டின் (பின்பக்க முற்றப் பகுதியின்) கடைசி அறையோ நல்லது. கதவுக்கு உள்பக்கம் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, வாசலை ஒட்டி ஒரு ஃபேனை ஓடவிடுங்கள், அந்தச் சத்தம் பேச்சை மறைக்கும். வயர் வைத்த இயர்ஃபோன் போடுங்கள். கனமான சுவருக்குள் சிக்னல் குறையும், ஆகவே முதல் நாளே அதே அறையில் பத்து நிமிடம் வீடியோ அழைப்பு போட்டுப் பாருங்கள். அறுந்தால் வீடியோவை நிறுத்திக் குரலில் தொடரலாம். யார் திரும்பக் கூப்பிடுவது என்பதை முன்பே பேசிவையுங்கள், இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் அழைத்து ஐந்து நிமிடம் வீணாகும். யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு சாதாரண வார்த்தை ("பால் வந்துருச்சு" என்பதுபோல) தெரபிஸ்டோடு ஒத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் முகவரியையும் அவசரத்துக்கு ஓர் ஆளின் எண்ணையும் அவர் முதல் நாளே கேட்பார். கேட்கிறாரே என்று சந்தேகப்படவேண்டாம், கேட்காதவர்தான் பொறுப்பில்லாதவர்.

   

மகனுக்கு வருவோம். விபத்துக்குப் பிறகு முதல் ஒரு மாதம் பயமும் கெட்ட கனவும் இயல்பு, பலருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் சிகிச்சை வேண்டும். உங்களுக்கு நாலு மாதம், இனிக் காத்திருக்காதீர்கள். கோவிலில் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் இருக்கட்டும், அதை அவிழ்க்கச் சொல்லி வீட்டில் புதுச் சண்டை தேவையில்லை.

பொதுவாக 12 முதல் 16 அமர்வு, வாரம் ஒன்று. முதல் சில வாரம் விபத்தை விவரமாகச் சொல்லவைக்க மாட்டார்கள். மூச்சைத் தணிப்பது, உடம்பில் பயம் எங்கே தெரிகிறது என்று சொல்லப் பழகுவது, இவ்வளவுதான். "காசு கொடுத்து மூச்சு விடவா கத்துக்கிறீங்க" என்று யாராவது கேட்பார்கள். அடித்தளம் போடாமல் முதல் நாளே முழுக் கதையையும் சொல்லவைத்தால் பயம் கூடலாம், அதனால்தான் இந்த வரிசை. பிறகு பிள்ளை தன் வேகத்தில் நடந்ததை வரைவான், சொல்வான். அப்போது ஓரிரு வாரம் தூக்கம் கொஞ்சம் கெடலாம், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

பைக் பயத்துக்குப் படி வைத்து ஏறவேண்டும். பைக் படத்தைப் பார்ப்பது, முகப்பில் நிற்கும் பைக்கைத் தொடுவது, ஸ்டாண்ட் போட்ட வண்டியில் உட்காருவது, எஞ்சினை ஓடவிட்டு உட்காருவது, பிறகு தெருமுனைவரை ஒரு சுற்று. ஒவ்வொரு படியிலும் "பயம் பத்துக்கு எத்தனை?" என்று கேட்கவேண்டும். எட்டு என்றால் அது நாலாகும்வரை அதே இடத்தில் கூட இருங்கள். எட்டில் இறக்கிவிட்டால் ஓடினால்தான் பிழைப்போம் என்று மூளை கற்றுக்கொள்ளும். சித்தப்பா தூக்கி உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனால் ஏறிய படியெல்லாம் சறுக்கும். தெரபிஸ்ட் சொன்ன பிறகே இதைத் தொடங்குங்கள்.

அலறும் நேரத்தைக் குறித்து வையுங்கள். தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அலறி, காலையில் நினைவில்லை என்றால் அது தூக்கத்திலேயே வரும் அலறல். விடியற்காலையில் எழுந்து கனவைச் சொல்கிறான் என்றால் அது கெட்ட கனவு. சிகிச்சை மாறும். எழுந்தால் உலுக்காமல் சின்ன விளக்கைப் போட்டு, "நீ வீட்ல இருக்க, அம்மா பக்கத்துல இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

வளர்ப்புப் பிரச்சினைக்கும் காதில் இயர்ஃபோனோடு பயிற்சி தரும் முறை உண்டு, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு உருவானது, ஒன்பது வயதுக்குப் பொருந்துமா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். நீங்கள் மகனோடு விளையாடுவீர்கள், தெரபிஸ்ட் கேமராவில் பார்த்து உங்கள் காதில் மட்டும் சொல்வார். வீட்டில் தினம் ஐந்து நிமிடம் பழகினால் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் கேள்வி, கட்டளை, குறை மூன்றும் கூடாது. "இது என்ன கலர்?" என்று கேட்காமல், "சிவப்புக் கட்டையை மேல வச்சுட்டியே" என்று சொல்லவேண்டும். செய்துபாருங்கள், முதல் நாள் நிமிடத்துக்கு ஒரு கேள்வியாவது வாயில் வந்துவிடும்.

மாமியாரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாதீர்கள். "அத்தை, சாப்பிடுற நேரம் மட்டும் அவனுக்கு ஃபோன் வேணாம்னு சொல்லியிருக்காங்க, அந்த நேரம் நீங்க கதை சொல்லுங்க" என்று ஒரு விதியும் ஒரு வேலையும் சேர்த்துக் கொடுங்கள்.

கணவரையும் சேர்க்கலாம். அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால், நம் ஞாயிறு காலை 10 மணி அவருக்கு 12.30. முதலில் இருவரும் தனித்தனியாக ஒருமுறை பேசிவிட்டுச் சேர்ந்து உட்காருவது நல்லது. அடி உதை இருக்கும் வீடானால் சேர்ந்த அமர்வு கூடாது. அவர் முன்னால் உள்ளதைச் சொன்னால் பிறகு வீட்டில் அனுபவிப்பது நீங்கள்தான். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

ரகசியம் போகுமோ என்ற பயம் நியாயமானது, நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது யாராவது கிளறுவார்களோ என்பதும்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. விலக்கு உண்டு: உயிருக்கு ஆபத்து வந்தால் தெரபிஸ்ட் வெளியே தெரிவிக்கலாம், குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தால் தெரிவித்தே ஆகவேண்டும்.

தற்கொலை எண்ணம், இல்லாத குரல் கேட்பது, குடியை நிறுத்திய நாட்களில் உடல் நடுக்கம், இவற்றுக்கு ஆன்லைன் போதாது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரில் போங்கள்.

நாளைக்கே தொடங்க 14416. மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். "ஒன்பது வயசுப் பையன், விபத்து நடந்து நாலு மாசம், ராத்திரி இத்தனை மணிக்கு அலறுறான், பைக்கைத் தொடமாட்டேங்கிறான்" என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். மாடியறையிலிருந்து.