கடலோர மணற்குன்றுகளும் பைன் காடும் உள்ள பாதையில் 4 நாட்களில் 90 கிலோமீட்டர் நடக்க முடியுமா?

மலை ஏற்றமே இல்லாத கடலோரப் பாதைதானே, நாளொன்றுக்கு 22 அல்லது 23 கிலோமீட்டர் வீதம் நடந்து 4 நாட்களில் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கணக்கோடுதான் நானும் என் முதல் மணல் நடைக்குப் புறப்பட்டேன். பிரான்சின் தென்மேற்கில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய லாந்த் கரையில் நான் நடந்த அந்த முதல் நாளில், பிற்பகல் 2 மணிக்கெல்லாம் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதுவரை கடந்திருந்த தொலைவோ 11 கிலோமீட்டர்தான். பிறகு அதே கரைக்கு இருமுறையும், பால்டிக் கடலோரத்திற்கு ஒருமுறையும் சென்று நடந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதன்முறையாக மணலில் இறங்குபவருக்கு 4 நாட்கள் போதாது. 6 நாட்கள் இருந்தால் மகிழ்ச்சியோடு நடக்கலாம்.

வரைபடத்தில் சமதரையாகத் தெரிவது காலுக்குச் சமதரையாக இருப்பதில்லை. உலர்ந்த மணலில் பாதத்தை ஊன்றும்போது மணல் கீழும் பின்னும் விலகிவிடுவதால், உந்தும் விசையில் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே வீணாகிறது. 1998ஆம் ஆண்டு வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்று, கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து காட்டியிருக்கிறது. ஆகவே தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் பார்க்காமல், அதில் எவ்வளவு ஈரமணல், எவ்வளவு உலர்மணல், எவ்வளவு காட்டுத் தரை என்று பிரித்துப் பாருங்கள். என் நடைக்கு ஈரமணலில் மணிக்கு 4 கிலோமீட்டர் வருகிறது. உலர்ந்த மணலில் 2 வந்தாலே நான் நிறைவடைகிறேன்.

கடற்கரையில் நடக்கத் தகுந்த தரை ஒரு குறுகிய பட்டைதான். அலை தொடும் விளிம்பில் மணல் நீரில் ஊறி இளகிக் கிடக்கும். மேலே உலர்ந்த மணலில் கால் புதையும். இரண்டுக்கும் இடையே, நீர் வடிந்து சிறிது நேரமே ஆன பகுதியில், மணற்பருக்கைகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் ஈரம் அவற்றை இறுக்கிப் பிடித்திருப்பதால் தரை கெட்டியாக இருக்கும். அந்தப் பட்டை அகலமாக விரிவது கடல் வற்றும் வேளையில் என்பதால், உங்கள் நாளைத் தொடங்கும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியது, ஓதம் என்னும் கடல்நீர் ஏற்ற இறக்கத்தின் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணைதான். அட்லாண்டிக் போன்ற கரைகளில் ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் வற்றும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். வற்றத்திற்கு 2 மணி நேரம் முன்பு கரையில் இறங்கி, அது கழிந்த 2 மணி நேரத்திற்குள் மேலேறிவிடுவது என் வழக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வெகுதூரம் உள்வாங்கி அருமையான தரையைத் தரும். திரும்பி வரும்போது கரையடி வரை ஏறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பால்டிக், மத்தியதரைக் கடல்களின் பெரும்பாலான கரைகளில் ஓதம் மிகக் குறைவு. அங்கே கரையின் அகலத்தைக் காற்றும் அலையுமே தீர்மானிக்கின்றன.

லாந்த் கரையில் ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரைக்கு இணையாக மணல்திட்டுகள் இருக்கும். அவற்றுக்கும் கரைக்கும் இடையே உள்ள பள்ளத்தில் வற்றத்தின்போது நீர் தேங்கி, குழந்தைகள் விளையாடும் குட்டைபோலச் சாதுவாகத் தோன்றும். அங்குள்ளவர்கள் அதை பாயின் என்கிறார்கள். நீர் ஏறத் தொடங்கியதும் அந்தப் பள்ளம் நிரம்பி, கடலை நோக்கி இழுக்கும் வலுவான நீரோட்டமாக மாறிவிடும். வெளித்திட்டின் தரை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதன்மேல் நடக்காதீர்கள். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுப்பக்கம் நீர் நிரம்பிவிடும்.

மணற்குன்றுகளை அதிகாலையில் கடப்பது நல்லது. இரவுப் பனியில் மேற்பரப்பு சற்றே இறுகியிருக்கும், மணலும் சுடாது. கோடை நண்பகலில் உலர்மணலின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். காற்று வரும் பக்கத்துச் சரிவு மெதுவாக ஏறும். மறுபக்கத்துச் சரிவு ஏறத்தாழ 33 டிகிரியில் நிற்கும். உலர்மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லை அதுதான். அந்தச் செங்குத்தான பக்கத்தில் ஒருமுறை நேராக ஏறினேன். கணுக்கால் வரை புதைந்த பாதத்தை எடுப்பதற்குள் மேலிருந்து மணல் வழிந்து அதே குழியை நிரப்பியது. பத்து அடி வைத்தபின் திரும்பிப் பார்த்தால், நான்கடிக்கு மேல் ஏறியிருக்கவில்லை. அனுமதித்த பாதை குன்றைச் சுற்றிப் போனால் சுற்றியே போங்கள். காற்று வலுத்த நாளில் மணல் பறக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி முழங்கால் உயரத்திற்குள்ளேயே துள்ளிச் செல்வதால், கண்ணாடியைவிட நீளக் கால்சட்டையே அதிகம் உதவும்.

இந்தக் குன்றுகளில் நீங்கள் காணும் சாம்பற்பச்சை நிறப் புல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த நிலம் அங்கே நிலைத்திருப்பதே அதனால்தான். மாரம் புல் என்ற அதன் இலையை வெயிலில் பார்த்தால் ஊசிபோல உருண்டிருக்கும். மெதுவாக விரித்தால், உட்புறத்தில் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள் தெரியும். நீரை இழக்காமலிருக்க அது தன்னைத்தானே சுருட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை மணல் மூடினாலும் அதைத் துளைத்து மேலே வந்துவிடும் இந்தப் புல், மனிதக் காலடிக்குத் தாங்காது. சிலர் குறுக்கே நடந்து உண்டாக்கிய ஒற்றையடித் தடம் போதும். புல் அழிந்த அந்த இடுக்கில் காற்று புகுந்து குடைந்து, ஒரு குன்றின் வயிற்றையே திறந்துவிடும்.

பால்டிக் கடலோரத்துக் குரோனியன் நீள்திட்டில் இதன் விளைவு வரலாறாகவே பதிந்திருக்கிறது. லிதுவேனியாவும் ரஷ்யாவும் பகிர்ந்துகொள்ளும் 98 கிலோமீட்டர் நீளமான அந்த மணல்திட்டில், காடுகள் வெட்டப்பட்ட பிறகு குன்றுகள் நகரத் தொடங்கி, பல கிராமங்கள் மணலுக்கடியில் புதைந்துபோயின. 19ஆம் நூற்றாண்டில் கரையோரத் தடுப்புக்குன்று அமைத்து, புல்லும் பைன் மரங்களும் நட்டுத்தான் மணலை நிறுத்தினார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த நிலத்தில், குன்றுப் பகுதிகளில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலக அனுமதியில்லை. லாந்த் காட்டின் கதையும் இதற்கு நெருங்கியதுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெமோந்தியே என்ற பொறியாளர் குன்றுகளில் பைன் நடும் பணியை முன்னெடுத்தார். 1857ஆம் ஆண்டுச் சட்டம் உட்பகுதிச் சதுப்பு நிலத்தையும் வடித்துக் காடாக்கச் செய்தது. அப்படி விரிந்த காடு இன்று ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர். ஆனாலும், 100 மீட்டரைத் தாண்டி உயரும் பிலா குன்று இன்றும் ஆண்டுக்கு 1 முதல் 5 மீட்டர் வரை காட்டுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் கிழக்குச் சரிவின் அடியில் நின்றபோது, பாதி புதைந்த பைன் மரம் ஒன்றின் கிளைகள் என் தோளுயரத்தில் இருந்தன. கீழ்க்கிளைகள் பட்டுப்போயிருக்க, உச்சியில் மட்டும் பச்சை இருந்தது. வெகுநேரம் அதன் அருகிலேயே நின்றேன்.

காட்டுக்குள் நுழையும்போது கடலை நோக்கிய விளிம்பைக் கவனியுங்கள். உப்புக்காற்று தளிர்களைக் கருக்கிவிடுவதால் முதல் வரிசை மரங்கள் குட்டையாகச் சாய்ந்து நிற்க, உள்ளே செல்லச் செல்ல உயரம் கூடி, முழு விளிம்பும் ஒரு கூரைச் சரிவுபோலத் தோன்றும். நண்பகலை நான் காட்டுக்கு ஒதுக்குகிறேன், ஆயினும் பைன் நிழல் மெல்லியது என்பதால் தொப்பியைக் கழற்றுவதில்லை. தீத்தடுப்புக்காக மரங்களை அகற்றி உழுதிருக்கும் நேரான அகலப்பாதைகள் வரைபடத்தில் குறுக்குவழிபோல ஆசை காட்டும். அவை பெரும்பாலும் குன்றைப் போலவே கால்களைச் சோர்வடையச் செய்யும் உலர்மணல். உதிர்ந்த ஊசியிலைகள் படிந்த ஒற்றையடிப் பாதை வளைந்து சென்றாலும் விரைவானது.

பிசினும் உலர்ந்த ஊசியிலைகளும் நிறைந்த காட்டில் அடுப்போ சிகரெட்டோ கூடவே கூடாது. 2022 ஜூலையில் பிலா குன்றின் அடியிலிருந்த காடு பல ஆயிரம் ஹெக்டேர் அளவுக்கு எரிந்தது. கோடையில் தீ அபாயத்தைப் பொறுத்துக் காட்டுப்பாதைகளை மூடுவார்கள் என்பதால், ஒவ்வொரு காலையிலும் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். மாலையில் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் வரிசையாக ஊர்ந்து செல்லும் பைன் கம்பளிப்புழுக்களைத் தொடாதீர்கள். அவற்றின் நுண்மயிர் பட்டால் தோல் தடித்துவிடும்.

காலணி விஷயத்தில், காற்றோட்டத்திற்காக வலைத்துணி வைத்தவை மணலை உள்ளே வாங்கி, விரலிடுக்கில் உரசிக் கொப்புளம் உண்டாக்கும். நெருக்கமான துணியாலான காலணியும், அதன் வாயை மூடும் கெய்ட்டர் உறையும், மாற்றுக் காலுறையும் வேண்டும். வெறுங்காலில் ஈரமணலில் நடப்பது இன்பம்தான், ஆனால் முதல் நாளிலேயே அரை மணி நேரத்திற்கு மேல் நடந்தால் மறுநாள் கெண்டைக்கால் எழவிடாது. கரை கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒரே இடுப்பும் ஒரே முழங்காலும் சுமை தாங்கி வலிக்கும். அவ்வப்போது காட்டுப்பாதைக்கு மாறிவிடுவது அதற்கும் மருந்து. இளவேனிலிலும் கோடையிலும் உலர்மணலில் உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவைகள் முட்டையிடும். மணல் நிறத்திலேயே இருக்கும் அந்த முட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. ஈரப்பட்டையில் நடந்தால் அவற்றுக்கும் தீங்கில்லை.

உங்கள் 90 கிலோமீட்டரை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் 12 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டாம், மூன்றாம் நாட்களில் 15 வீதமும் அடுத்த மூன்று நாட்களில் 16 வீதமும் வைத்துக்கொள்ளுங்கள். ஓதம் நண்பகலில் வற்றும் நாளில் காட்டுப்பகுதியைக் காலையிலேயே முடித்துவிட்டுக் கரைக்கு வாருங்கள். கடலும் காடும் பக்கத்திலேயே இருந்தாலும் குடிநீர் கிடைக்காது என்பதால், நாளுக்கு 4 லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அது 4 கிலோ கூடுதல் சுமை. உணவிலும் உடையிலும் குறைத்து அதற்கு இடம் கொடுங்கள்.