நகையை அடகு வைத்துக் காணிக்கை கொடுக்கலாமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் நான், சம்பளம் 38,000. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம், மாதம் 3,800, சபைக்குத் தவறாமல் கொடுக்கிறேன். 2 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. அம்மாவின் மருந்துச் செலவைத் தங்கை பார்த்துக்கொள்கிறாள். 3 லட்சம் போட்டால் மாதம் 15,000 வரும் என்கிறார் சபையில் ஒரு அண்ணன். அதில் பாதியை ஆலயக் கட்டடத்துக்குத் தருவதாகக் கடவுளிடம் நேர்ந்து பொருத்தனை செய்திருக்கிறேன். மனைவியின் மீதி நகையையும் வைத்துப் பணம் புரட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி.

3 லட்சத்துக்கு 15,000 என்றால் மாதம் அஞ்சு வட்டி, வருடத்துக்கு 60 சதவீதம். பேங்க் டெபாசிட்டில் 7 சதவீதம் கிடைத்தாலே நாம் சந்தோஷப்படுகிறோம். புதிதாகப் போடுகிறவனின் முதலைத்தான் பழையவனுக்கு வட்டியாகத் தருவார்கள், ஆள் வருவது நின்றால் கடையும் மூடும். 2022-ல் காட்பாடிப் பக்கம் இதே மாதிரி மாத வட்டிக் கம்பெனியில் ரெய்டு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படி 40,000 விட்டவன்தான், என்னிடம் சொன்னவரும் நல்ல மனிதர், அவருடைய பணமும் சேர்ந்தே போனது.

சரி, கணக்கு உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்களை இழுப்பது அந்தப் பொருத்தனை. 15,000-ல் பாதி ஆலயத்துக்கு என்றதும் மனசு லேசாகிவிட்டது, மீதிப் பாதியை ஆசை என்று சொல்லத் தோன்றவில்லை. சொத்தில் பங்கு வாங்கித் தரச் சொல்லி வந்தவனிடமே இயேசு “பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்” என்றார், இத்தனைக்கும் அவன் கேட்டது தன் பங்கைத்தான். கொடுப்பதைப் பற்றி பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், அதாவது கடிதம், 8-ம் அதிகாரத்தில் சொன்னதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு வேலூரில் ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் கொடுத்த நியூயார்க் பேங்க்காரர் ஷெல், காலமான மனைவியின் நினைவாகத் தன் கையில் இருந்ததைக் கொடுத்தார், யார் வளையலையும் சேட்டுக் கடையில் வைக்கவில்லை. அப்புறம், நீங்கள் நேர்ந்தது வருகிற வட்டியில் பாதி. வட்டியே வராதபோது பாக்கி எதுவும் இல்லை, அந்தப் பயத்தை விடுங்கள்.

அம்மா மருந்து விஷயத்துக்கு வருகிறேன், கேள்வியில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மாற்கு 7-ல் கொர்பான் என்று ஒரு சொல் வரும். உங்களுக்குத் தர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று பெற்றோரிடம் கை விரிப்பது. இயேசு அதைக் கடுமையாகவே கண்டித்தார். உங்கள் தங்கைக்கு என்ன சம்பளம், அவள் வீட்டில் என்ன நிலைமை என்று நீங்கள் எழுதவேயில்லை.

இப்போதைக்கு 3,800-ல் 1,500-ஐக் காணிக்கையாக வையுங்கள், மீதி 2,300-ல் அம்மா மருந்துக்கு உங்கள் பங்கு போக நகைக்கடன் அசலில் கட்டுங்கள். ஆயரிடம் நேரில் சொல்லிவிடுங்கள், திருட்டுத்தனமாகக் குறைக்க வேண்டாம். சிலர் இது தசமபாகத்தில் கைவைப்பது என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருத்தத்தோடும் கட்டாயத்துக்காகவும் கொடுக்கக் கூடாது, “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல” என்று கொரிந்தியருக்கு எழுதிய அதே நிருபம் 9-ல் இருக்கிறது. கடன் முடிந்ததும் பத்தில் ஒன்றுக்குத் திரும்பலாம், கூடவும் கொடுக்கலாம்.

இன்று ராத்திரியே அடகு ரசீதை எடுத்துக் கெடு தேதியைப் பாருங்கள். பல இடங்களில் ஒரு வருடம்தான், தாண்டினால் ஏல நோட்டீஸ் வரும்.