அப்பா கால் எரிச்சலுக்கு ஐஎல்-6 டெஸ்ட் எடுக்கணுமான்னு கேட்டவருக்கு

சகோ, அப்பா தொழுநோய் மருந்த 12 மாசம் முடிச்சு ரெண்டு வருஷம் ஆகியும் ராத்திரில கால் எரியுது, லேப்ல டிஎன்எஃப், ஐஎல்-6 (உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல கூடற புரதங்க) பாக்கலாம்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு அதுக்கு காசு செலவு பண்ணாதீங்க. நரம்புல அழற்சி இருக்கறப்ப அதெல்லாம் கூடும்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க, உண்மைதான், ஆனா ஒருத்தரோட ரத்தத்துல வர்ற நம்பர வச்சு வலி இதனாலதான்னு சொல்ற அளவுக்கு இன்னும் வரல, பாதத்துல சீழ் வச்ச புண்ணு இருந்தாலே சிஆர்பின்னு இன்னொரு அழற்சி டெஸ்ட், ஐஎல்-6 ரெண்டும் ஏறிடும்.

தெரிய வேண்டியது, நரம்பு இப்பவும் வீங்கிட்டிருக்கா, இல்ல பழைய சேதத்தோட வலியா? அத கையாலதான் பாக்கணும். முழங்கை உள்பக்கம், முழங்காலுக்கு கீழ வெளிப்பக்கம், கணுக்கால் உள்பக்கம்னு தொட்டு பாப்பாங்க, நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கும், வீக்கம் இருந்தா அமுக்கறப்ப சுள்ளுனு இழுக்கும். எங்க பெரியம்மா போர்வை பட்டாலே துடிச்சுப் போவாங்க, அதே பாதத்துல பேனா முனைய வச்சா தெரியாது. பழைய சேதம்னு சொல்லி ஸ்டீராய்ட் இல்லாம அமிட்ரிப்டிலின்னு நரம்பு வலி மாத்திரைதான் கொடுத்தாங்க, மெதுவாதான் கேட்டுச்சு, ஆனா தூங்க ஆரம்பிச்சாங்க.

நடக்கறப்ப செருப்பு கழண்டது தெரியல, பாதம் தொங்குதுன்னு புதுசா ஏதாவது இருந்தா ஒரு நாள் கூட தள்ளாதீங்க. அப்படி வந்து 6 மாசத்துக்குள்ள பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்ட் ஆரம்பிச்சாதான் நரம்பு மீள நல்ல வாய்ப்பு, ஆரம்பிச்சா சுகர் பாத்துக்கங்க, திடீர்னு நிறுத்தக் கூடாது. ராணிப்பேட்டைன்னு சொன்னீங்களே, கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி பக்கத்துலதான, இந்த வாரமே கூட்டிட்டு போங்க.