ஒப்பந்தம் தரும்போது யாரையெல்லாம் பார்க்கிறோம்?

கேள்வி: நண்பரோடு சேர்ந்து ஒரு நிறுவனம் நடத்துகிறேன். பேக்கிங், பராமரிப்பு, போக்குவரத்து எல்லாம் வெளி ஒப்பந்தம்தான். பெண்கள், பட்டியல் சமூகத்தினர், மாற்றுத்திறனாளிகள் நடத்தும் நிறுவனங்களுக்கும் வாய்ப்புத் தர எனக்கு ஆசை. "விலையும் தரமும் போதும், மற்றது எதற்கு?" என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: இப்போது உங்களிடம் வேலை செய்யும் ஒப்பந்ததாரர்கள் எப்படி அறிமுகமானார்கள் என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். கொள்முதல் பிரிவில் பல வருடம் இருந்தவள் நான். 'தெரிந்தவர் சொன்னார்' என்பதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். அப்படியென்றால் விலையையும் தரத்தையும் ஒப்பிட்டதெல்லாம் அந்தத் தெரிந்த வட்டத்துக்குள்தான். வெளியே இருப்பவரின் விலைப்புள்ளி உங்கள் மேஜைக்கே வராதபோது, அவரைவிட இவர் மேல் என்று எப்படிச் சொல்வது?

முதலில் உங்கள் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். இத்தனை வருட அனுபவம், இவ்வளவு டர்ன்ஓவர், விலைப்புள்ளியோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை என்று பழைய டெண்டரிலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறோமே, சின்ன வேலைக்கும் இதெல்லாம் தேவையா? மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கையில் குறு, சிறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகை கிடையாது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறொன்று. சிறு நிறுவனம் கேட்கும் விலை, வந்ததிலேயே குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால் ஆர்டரில் ஒரு பங்கு அதற்கும் உண்டு. வாங்குகிறவருக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை! தனியார் நிறுவனத்துக்கு இது கட்டாயமில்லைதான். ஆனாலும் நண்பரிடம் காட்டுங்கள்.

அப்புறம், பணம். பெரிய ஒப்பந்ததாரர் பில்லுக்கு மூன்று மாதம் காத்திருப்பார், புதிதாக வந்தவரால் முடியாது. ஆட்களுக்குச் சம்பளம் தர முடியாமல் பாதியில் நிற்பார். நாமோ 'அவர்களை நம்பிக் கொடுத்தேன், பாருங்கள்' என்போம். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தனியாருக்கும் இது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. 'பெண்கள் நடத்தும் நிறுவனம்' என்று வரும் சிலவற்றில் பெயர் மட்டும்தான் மனைவியுடையது. பல நாடுகளில் இதற்குச் சான்றிதழ் தரும் அமைப்புகள், 51 சதவீத உரிமையோடு நிர்வாகமும் அவர் கையில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. நீங்களும் நேரில் போய்ப் பேசுங்கள். விலையை முடிவு செய்வது யார், வேலையில் கோளாறு வந்தால் பதில் சொல்வது யார் என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும்.

தரச் சோதனையில் யாருக்கும் சலுகை வேண்டாம், அதில் உங்கள் நண்பர் சொல்வது சரி. அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, வட்டத்துக்கு வெளியிலிருந்து இரண்டு விலைப்புள்ளியாவது வாங்குங்கள். அதன்பின் இருவரும் உட்கார்ந்து ஒப்பிடுங்கள்.