நர்சிங் ஆசை, கையில ஜுவாலஜி

அக்கா,
கொருக்குப்பேட்டைல இருந்து எழுதுறேன். பிஎஸ்சி ஜுவாலஜி ஃபர்ஸ்ட் இயர். ப்ளஸ் டூ முடிச்ச லீவுல எங்க ஆயாவ ஸ்டான்லி ஆஸ்பத்திரில சேர்த்திருந்தோம், பதினோரு நாள் நான்தான் கூட இருந்தேன், அப்பவே நர்ஸ் ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன். ஆஸ்பத்திரி அலைச்சல்ல நர்சிங் அப்ளிகேஷன் தேதி போயிடுச்சு. ஒரு வருஷம் சயின்ஸ் படிச்சிட்டு நர்சிங் செகண்ட் இயருக்கு மாறிக்கலாம்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு. உண்மையா? இல்லன்னா இந்த ஜுவாலஜி வேஸ்ட்டா?
– பெயர் வேணாம்

தங்கச்சி,
அந்த அண்ணன் நல்ல மனசோடதான் சொல்லிருப்பாரு, ஆனா அப்டி மாற முடியாது. அமெரிக்கால கம்யூனிட்டி காலேஜ்ல அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் முடிச்சிட்டு அந்த கிரெடிட்டோட நர்சிங்குள்ள போறது உண்டு, இங்க பிஎஸ்சி நர்சிங்னா நாலு வருஷமும் முதல் நாள்ல இருந்துதான். பார்மசில டிப்ளமா (டி.பார்ம்) முடிச்சவங்க டிகிரி (பி.பார்ம்) செகண்ட் இயர்ல சேரலாம், அத கேட்டுட்டு எல்லா கோர்சுக்கும் அப்டித்தான்னு நெறைய பேர் நெனச்சுக்கிறாங்க.

அதனால நர்ஸ்தான் ஆகணும்னா மூணு வருஷம் காத்திருக்காத, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நர்சிங்கும் சேர்த்து பாராமெடிக்கல் அப்ளிகேஷன் விடுவாங்க, நம்ம ஸ்டேட்ல நர்சிங்குக்கு ப்ளஸ் டூ மார்க்தான், நீட் வேணாம், இந்த வாட்டி தேதிய விட்றாத. உன் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் காலேஜ்லதான் இருக்கும், போறதா இருந்தா முன்னாடியே டிபார்ட்மென்ட்ல பேசி வச்சுக்கோ, கடைசி நேரத்துல டிசிக்கு அலைய விடுவாங்க, நான் அலைஞ்சிருக்கேன்.

வேஸ்ட்டான்னு கேட்ட பாரு, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நானும் ஜுவாலஜிதான், வண்ணாரப்பேட்டைல இருந்து பஸ் ஏறி போய் படிச்சவ. பிளட் குரூப் பிராக்டிகல் அன்னிக்கு என் விரல நானே குத்தி ஸ்லைடுல மூணு சொட்டு வச்சேன், குரூப் கண்டுபிடிக்கிற சொல்யூஷன்ல நீலக் கலர் ஆன்ட்டி ஏ விட்ட சொட்டு சும்மா இருந்துச்சு, மஞ்சக் கலர் ஆன்ட்டி பி விட்டு குச்சியால கலக்குனதும் பால் திரியற மாதிரி திட்டுத்திட்டா பிரிஞ்சுது, அந்த நிமிஷம்தான் எனக்கு லேப் புடிச்சுப் போச்சு. அப்புறம் எம்எஸ்சி மைக்ரோபயாலஜி, ஆஸ்பத்திரி லேப்ல வேலை. எங்க கூட பிசிக்ஸ் படிச்ச பொண்ணு அண்ணா யுனிவர்சிட்டில எம்எஸ்சி மெடிக்கல் பிசிக்ஸ் சேர்ந்துச்சு, இன்னிக்கு கேன்சர் பேஷன்ட்டுக்கு ரேடியேஷன் எவ்ளோ எங்க படணும்னு கணக்கு போடுறது அந்தப் பொண்ணுதான். நோயாளி பக்கத்துல போறதுக்கு இப்டியும் வழி இருக்கு.

ஆனா நீ பதினோரு நாள் வார்டுல இருந்து ஆசைப்பட்டவ. ஸ்டான்லிய நம்ம பெரியவங்க இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க, பஞ்ச காலத்துல கஞ்சி ஊத்துன எடம், அங்க ராத்திரி மூணு மணிக்கு ஆயாவுக்கு டிரிப் மாத்துனவங்கள பாத்துட்டு வந்த ஆசைய லேப் வேலைய காட்டி நான் மாத்த மாட்டேன். நர்சிங் போடு. சீட் வரலன்னா மட்டும் ஜுவாலஜிய முழு மனசோட படி, அதுவரைக்கும் பிராக்டிகல் ஒண்ணு கூட விடாத.

எல்லாம் எழுதின, மார்க்க எழுதலயே. பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணும் எவ்ளோன்னு அனுப்பு, கவர்மென்ட் சீட்டுக்கு வாய்ப்பு எப்டின்னு பாப்போம்.